பிடித்ததைத் துப்பிய குழந்தை

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் அறைக்குள் வரப்போகும் அம்மாக்களில் பெரும்பாலானவர்கள் பயந்துபோய்த்தான் வருவார்கள். குழந்தை கீரையைத் தொடவில்லை, பழம் என்றால் ஓடுகிறது, பிஸ்கட்டும் நூடுல்ஸும்தான் கேட்கிறது என்பார்கள். அதற்கெல்லாம் உங்களிடம் பதில் தயாராக இருக்கும். காய்களின் படம் போட்ட அட்டை ஒன்று மேஜையில் இருக்கும். அதைக் காட்டி, நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடலாம். திருச்சியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்த காலம் முழுக்க நானும் அப்படித்தான் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அது பலித்தது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, என் பேச்சு பலித்த குழந்தைகளின் முகங்கள் அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை. யாழினியின் முகம் வருகிறது. அவளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். பாடமாக எடுத்துக்கொள்வீர்களோ, கதையாகக் கேட்பீர்களோ, உங்கள் இஷ்டம்.

அன்று திங்கட்கிழமை. புறநோயாளிகள் பிரிவில் நிற்க இடமில்லை. எங்கள் பெரிய டாக்டர் ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி ஒரு குடும்பத்தை என்னிடம் அனுப்பியிருந்தார். சாப்பிட அடம் பிடிக்கிறாள், அம்மாவுக்கு ஆலோசனை தேவை என்று எழுதியிருந்தது. உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். யு.கே.ஜி. படிக்கும் யாழினி, அவளுடைய அம்மா கயல்விழி, அப்பாவின் அக்கா மல்லிகா. குழந்தை பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தார்கள்.

மல்லிகாதான் முதலில் பேசினார்.

"செல்லம் குடுத்தே கெடுத்துட்டா மேடம். எந்தம்பி காந்தி மார்க்கெட்ல வாழைக்கா மண்டி வெச்சிருக்கான். தொட்டியத்துலேர்ந்து தோட்டத்துப் பழமே வீட்டுக்கு வருது. ஊருக்கே பழம் போடறவன் வீட்டுப் புள்ள ஒரு பழத்த முழுசா தின்னு நான் பாத்து எத்தன நாளாச்சு தெரியுமா?"

கயல்விழியின் கையில் மூன்று நான்கு டிபன் டப்பாக்கள் வைத்த ஒரு பை. அதை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தானாம்மா?"

"இல்லிங்க மேடம். முன்னாடி நல்லா சாப்பிடுவா. பூவன் பழம்னா உயிரு. சித்திரை மாசத்துக்கு அப்புறந்தான் இப்படி ஆயிட்டா."

"இப்ப என்னதான் சாப்பிடறா?"

"பால் குடிப்பா. கேழ்வரகு கஞ்சி தண்ணியா குடுத்தா குடிப்பா. ரசத்த டம்ளர்ல ஊத்திக் குடுத்தா குடிப்பா. சோறுன்னா வாயிலயே அடக்கி வெச்சுக்குவா."

"எவ்வளவு நேரம்?"

"நான் அழற வரைக்கும்."

அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பையின் வாரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். போனைக் காட்டி ஊட்டுகிறார்கள், அதட்டி ஊட்டுகிறார்கள், குழந்தை தன்னிடம் இருக்கும் ஒரே ஆயுதமான வாயை மூடிக்கொள்கிறது. இப்படி உணவை வாயில் அடக்கி வைக்கும் குழந்தைகள் வாரா வாரம் வருவார்கள். சொல்லவேண்டியது எல்லாம் எனக்கு மனப்பாடம். சொல்ல வாயைத் திறந்தும் விட்டேன்.

அப்போது யாழினி அம்மாவின் பையைத் தொட்டு, "அம்மா, பணியாரம்" என்றாள்.

"பாத்தீங்களா?" என்றார் மல்லிகா. "இனிப்புன்னா மட்டும் தானா வாய் தொறக்குது. வெல்லப் பணியாரம், காலையில நாந்தான் சுட்டேன்."

"குடுங்க, சாப்பிடட்டும்" என்றேன். உணவு ஆலோசகரே இப்படிச் சொல்கிறாரே என்பதுபோல் மல்லிகா என்னைப் பார்த்தார்.

குழந்தை ஒரு பணியாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கடித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே மென்றாள். ரசித்துத்தான் மென்றாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு கால் ஆடுவது நின்றது. முகவாயைத் தூக்கி, கழுத்தை ஒரு பக்கமாக நீட்டினாள். கண்ணில் நீர் கோத்தது. ஒரு தடவை தோளைக் குலுக்கினாள். அப்புறம் மெதுவாக, மென்றதை உள்ளங்கையில் எடுத்துவிட்டாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அடி விழுமா என்று.

வேண்டாம் என்று சொல்லும் குழந்தைகளை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பும். நாக்கில் பட்டதும் துப்பும். தள்ளிவிட்டுச் சிரிக்கும். இவள் தானாகக் கேட்டு வாங்கி, ஆசையாக மென்று, கடைசியில் அதை இழந்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் செல்லம், நல்லா இல்லையா?"

"நல்லாருக்கு."

"அப்புறம் ஏன் எடுத்துட்டே?"

"சாமி விடமாட்டேங்குது" என்றாள்.

மல்லிகா சிரித்துவிட்டார். "ஸ்ரீரங்கத்துல வளர்ற புள்ள மேடம். எதுக்கெடுத்தாலும் சாமிதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது எனக்கும் புரியவில்லை என்பது உண்மை. ஆனால் தண்ணீராக இருந்தால் இறங்குகிறது, கெட்டியாக இருந்தால் நிற்கிறது என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் நல்ல மனிதர். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் பேனாவை நிறுத்தாமலே பேசினார்.

"தொண்டைய பாத்துட்டேன் மேடம். கிளியரா இருக்கு. சளி இல்ல, நெஞ்சுல சத்தம் இல்ல. அந்தம்மாவுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அவர் படித்த படிப்பு வேறு, நான் படித்த படிப்பு வேறு. நான் நினைப்பது தவறாக இருந்தால், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாயை இன்னும் நடுங்க வைத்தவள் ஆவேன். அடுத்த முறை நிஜமாகவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு இந்த அறைக்குள் வந்தாலும் டாக்டர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். இவ்வளவும் அந்த வாசலில் நின்ற நேரத்தில் எனக்குத் தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்றும் தோன்றியது.

"சார், புடிக்காதத துப்பல. புடிச்சதத் துப்பறா. அவ சாப்பிடறத ஒரு தடவ நீங்க பாத்துடுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

பேனா நின்றது. என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

வந்த இடத்தில் யாழினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் உதடு இறுகிவிட்டது. பணியாரத்தைக் கயல்விழி நீட்டினார். தலையை ஆட்டினாள். மல்லிகா அதட்டினார். அவள் அம்மாவின் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெளியே வரிசையில் ஏதோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது. டாக்டர் கதவுப் பக்கம் திரும்பினார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "யாழினி, எனக்குப் பசிக்குதும்மா. எனக்கு ஒண்ணு ஊட்டி விடறியா?" என்றேன்.

முகத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். ஒரு பணியாரத்தைப் பிய்த்து என் வாயில் வைத்தாள். மென்று விழுங்கிக் காட்டினேன். "டாக்டர் மாமாவுக்கு?" என்றேன். தயங்கித் தயங்கி அவருக்கும் நீட்டினாள். மனிதர் குனிந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு மிச்சமிருந்த துண்டை அவளே தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மறுபடியும் அதேதான். ஆசையாக மெல்லுவது, கழுத்தை நீட்டுவது, கண்ணில் நீர், உள்ளங்கையில் பணியாரம்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "கழுத்தும் நெஞ்சும் சேர்த்து ஒரு எக்ஸ்ரே. இப்பவே" என்றார்.

படம் வந்தது. கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, உணவுக்குழாயில், வட்டமாக வெள்ளையாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. கயல்விழி அதைப் பார்த்தார், ஆனால் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. மல்லிகாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அது... அது நான் வாங்கிக் குடுத்த பெருமாள் டாலரு" என்றார்.

விஷயம் இதுதான். குழந்தையின் பிறந்தநாளுக்குக் கோயில் பக்கத்துக் கடையில் ஒரு சங்கிலியும், பெருமாள் உருவம் போட்ட டாலரும் வாங்கிப் போட்டிருக்கிறார் அத்தை. சித்திரையில் ஒரு நாள் சங்கிலி மட்டும் கழுத்தில் இருந்தது, டாலரைக் காணோம். வீடு முழுக்கத் தேடினார்கள். சாமியைத் தொலைத்துவிட்டாயே என்று அத்தை சத்தம் போட்டிருக்கிறார். வாயில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது உள்ளே போய்விட்டது என்று சொல்ல அந்தக் குழந்தைக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் இருமல் இருந்தது. சிரப் கொடுத்தார்கள், நின்றுவிட்டது. அதன் பிறகு அவள் தனக்குத் தெரிந்த மொழியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

குழந்தையின் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் மறுநாள் காலையில் மயக்க மருந்து கொடுத்து எடுப்பது என்று முடிவாயிற்று. எடுக்க வந்த நிபுணர் ஒளிக்காமல் சொன்னார். மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறது, மேலே சதை மூடியிருக்கலாம், பக்கத்திலேயே மூச்சுக்குழாய் இருக்கிறது, எச்சரிக்கையாகத்தான் எடுக்கவேண்டும்.

அவளுடைய அப்பா முருகேசன் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை முழுக்க வாழைக்கறை. அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே என் பக்கத்தில் நின்றார். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்டயும் சொன்னா மேடம். அப்பா, சாமி உள்ள இருக்குன்னு சொன்னா. எல்லாருக்குள்ளயும் சாமி இருக்குடா கண்ணுன்னு நான் சொன்னேன்."

நானும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். கறுத்துப்போன அந்த டாலரை ஒரு பஞ்சுத் துணியில் வைத்து நிபுணர் கொண்டுவந்து காட்டினார். மல்லிகா கையில் வாங்கவில்லை. கயல்விழிதான் வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தோடு முடித்துவிட்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். நான் பலரிடம் இதுவரைதான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மீதியையும் சொல்லவேண்டும். நம்முடைய வேலை அந்த மீதியில்தான் இருக்கிறது.

எல்லோரும் என்ன எதிர்பார்த்தார்கள்? அடைப்பு போய்விட்டது, இனி குழந்தை சாப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். முருகேசன் வீடு நிறையப் பழம் இறக்கினார். பூவன், ரஸ்தாளி, ஏலக்கி எல்லாம் வந்தது. மல்லிகா விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றார். குழைந்த பருப்புச் சோறு, பரங்கிக்காய்க் கூட்டு, கேரட் போட்ட இட்லி. யாழினி எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. முன்பாவது மென்று பார்த்துத் துப்புவாள். இப்போது மெல்லவே மறுத்தாள். பாலும் கஞ்சியும் மட்டும் போயிற்று.

மறுபரிசோதனைக்கு வந்தபோது எடை இன்னும் இறங்கியிருந்தது. மருந்து குடிக்க வைத்து அது இறங்குவதைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். புண் ஆறியிருந்தது. உணவுக்குழாய் எந்த இடத்திலும் சுருங்கியிருக்கவில்லை. டாக்டர் படத்தை விளக்கில் காட்டிவிட்டுச் சொன்னார்.

"வழி நல்லாருக்கும்மா. இனிமே இருக்கறது பயம்தான். அடுத்த தடவ வரும்போதும் எடை ஏறலன்னா மூக்கு வழியா ட்யூப் போட்டுத்தான் ஆகணும். வேற வழி இல்ல."

வெளியே வந்ததும் கயல்விழி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒரே ஒரு தடவ வாயத் தொறந்து ஊட்டி, தொண்டையத் தடவி விட்டுடட்டுமா? ஒரு வாய் உள்ள போயிட்டா வலிக்காதுன்னு அவளுக்கே தெரிஞ்சிடும்ல?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் கஷ்டம். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஒரு தடவை போய்விட்டால் போதும். ஆனால் எனக்கு அந்தக் குழந்தை பணியாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்த பார்வை கண்ணிலேயே நின்றது. மாதக்கணக்காக ஒவ்வொரு வாய்ச் சோறும் அவளுக்கு வலியாகவும் திட்டாகவும்தான் உள்ளே போயிருக்கிறது. வலி போய்விட்டது என்று நமக்குத் தெரியும். அதை அவளிடம் நாம் கையைப் பிடித்து அழுத்திச் சொன்னால் நம்புவாளா?

"வேணாம்மா. யாரும் அவள சாப்பிடுன்னே சொல்லாதீங்க. சாப்பாட்டப் பத்திப் பேசவே வேணாம். போனக் காட்டாதீங்க, கெஞ்சாதீங்க. கஞ்சியும் பாலும் நான் சொல்ற மாதிரி கொஞ்சம் பருப்பும் நெய்யும் சேத்துக் குடுங்க, அது போதும். நீங்க எல்லாரும் சாப்பிடறப்ப அவ தட்டும் பக்கத்துல இருக்கட்டும். போட்டுக்கிட்டா போட்டுக்கட்டும்."

"போட்டுக்கலன்னா?"

"விட்டுடுங்க."

"எடை?"

"நான் பொறுப்பு" என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. "தினமும் எனக்குச் சொல்லுங்க" என்றேன்.

தினமும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி வந்தது. "இன்னிக்கும் இல்ல மேடம்." காய்கறிக் கடையில் நிற்கும்போது வரும், பஸ்ஸில் வரும்போது வரும். ஒவ்வொரு முறையும் திறப்பதற்கு முன்னால் என் விரல் தயங்கும். நான் ஒரு குழந்தையின் எடையை வைத்துச் சூதாடுகிறேனோ என்று தோன்றும். டாக்டரிடம் போய், இப்போதே குழாய் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டால் என் தலையிலிருந்து பாரம் இறங்கிவிடும். ஆனால் குழாய் போட்டால் அவள் எடை ஏறுமே தவிர, சோறு பயமில்லாதது என்று கற்றுக்கொள்ள மாட்டாள். குழாயைப் பார்த்துப் பயப்படவும் சேர்த்துக் கற்றுக்கொள்வாள். இதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் செய்தி வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. நானே கூப்பிட்டேன். கயல்விழி அழுதுகொண்டே சொன்னார். மல்லிகா பொறுக்க மாட்டாமல், குழந்தையின் மூக்கைப் பிடித்து ஒரு உருண்டை தயிர்ச்சோற்றை உள்ளே தள்ளிவிட்டார். அவள் அத்தனையும் வாந்தி எடுத்துவிட்டாள். காலையிலிருந்து கஞ்சி டம்ளரைக்கூடக் கையால் தட்டிவிடுகிறாள்.

"நான் வரேன்" என்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் இறங்கி, சந்துக்குள் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாடியில் வாடகை வீடு. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது இதுதான். கூடத்தில் யாழினி ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி மூன்று பெரியவர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மல்லிகாவை அடுப்படிக்குள் அழைத்துப் போனேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நாந்தான மேடம் வாங்கிக் குடுத்தேன். நாந்தான திட்டினேன். அவ வாய அடைச்சது நானு. நாந்தான் தொறக்கணும்னு நெனச்சுட்டேன்."

"நீங்க தொறக்க வேணாம்மா. அவளே தொறப்பா. நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. நீங்கள்லாம் ஒழுங்கா சாப்பிட்டு எத்தன நாளாச்சு?"

அன்று அந்த வீட்டில் யாருமே மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.

கூடத்துக்கு வந்து, எனக்குப் பசிக்கிறது என்று உரக்கச் சொன்னேன். எல்லோருக்கும் தட்டு போடச் சொன்னேன். சோறும் பாத்திரங்களும் நடுவில் வந்தன. யாழினியின் முன்னால் இருந்த சோற்றை எடுத்துவிட்டு, காலித் தட்டை வைத்தோம். முருகேசன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மார்க்கெட்ல என்ன சார் விசேஷம்?" என்றேன்.

"மார்க்கெட்ல..." என்று ஆரம்பித்தவர் மகளைப் பார்த்தார்.

"என்னயப் பாத்துச் சொல்லுங்க."

என் பக்கம் திரும்பிச் சொன்னார். மண்டித் தெருவுக்கு ஒரு மாடு வருமாம். எல்லாக் கடை வாசலையும் தாண்டிப் போய், எதிர்க்கடைக்காரர் வாழைத்தாரில் மட்டும்தான் வாய் வைக்குமாம். நீதான் பழக்கி விட்டிருக்கிறாய் என்று அவர் தினமும் இவரிடம் சண்டைக்கு வருவாராம். மனிதர் கதை சொல்லிப் பழகாதவர். அப்படியும் சொன்னார்.

நான் யாழினியிடம், "எனக்குக் கொஞ்சம் கூட்டு போடறியாடா?" என்றேன். கரண்டியை எடுத்து எனக்குப் போட்டாள். அத்தைக்குப் போட்டாள். அப்பாவுக்கு, அம்மாவுக்குப் போட்டாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைக்கப் போனவள், கொஞ்சம் நின்று, தன் தட்டிலும் ஒரு துண்டு பரங்கிக்காயைப் போட்டுக்கொண்டாள்.

கயல்விழியின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. நான் அவர் முழங்காலைத் தொட்டேன். மறுபடி பிசைய ஆரம்பித்தார்.

யாரும் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் விரலால் துண்டை நசுக்கினாள். விரலை நக்கினாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தோம். முருகேசனின் கதை எப்போதோ முடிந்துவிட்டது. நிறுத்தப் பயந்து, அதே மாட்டை மறுபடியும் தெரு முனையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"காரமா இருக்கு" என்றாள் யாழினி.

மல்லிகா தலையைத் தூக்காமல், தன் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "சரிடா. நாளைக்கு மொளகா கம்மியா போடறேன்."

இன்னொரு துண்டை அவளே போட்டுக்கொண்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் பழத்தை மசித்துக் கொஞ்சம் சாப்பிட்டாள். பல வாரம் இப்படி ஏறியும் இறங்கியும் போயிற்று. மறுபரிசோதனையில் எடை கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தது. ஆனால் ஏறியிருந்தது. டாக்டர் தராசை இரண்டு தடவை பார்த்துவிட்டு, குழாய் வேண்டாம் என்றார். இப்போது அவள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். கொத்தவரங்காய் பிடிக்காது என்கிறாளாம். எல்லாக் குழந்தைகளையும்போல.

நம் வேலையில் குழந்தைக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பது சுலபம், படித்தால் வந்துவிடும். அது முடியாமல் சாப்பிடவில்லையா, பயந்து சாப்பிடவில்லையா, பிடிக்காமல் சாப்பிடவில்லையா என்று பார்ப்பதற்கு நீங்கள் அது சாப்பிடும்போது எதிரில் உட்காரவேண்டும். அதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. பயத்தில் இருக்கும் ஒரு தாயிடம், சும்மா இருங்கள் என்று சொல்வது. அந்தச் சும்மா இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன்.

அன்று இரண்டாவது துண்டு இறங்கிய பிறகு யாழினி சோற்றுப் பாத்திரத்தைக் காட்டி, "அம்மா, அது" என்றாள். மாதக்கணக்காகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழந்தையின் பின்னால் ஓடிய பெண் அவர். பாத்திரத்தையே கவிழ்த்திருக்கலாம். ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மட்டும் எடுத்து அவள் தட்டில் வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தன் ரசச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். கண்ணீர் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. துடைத்தால் குழந்தை திரும்பிப் பார்த்துவிடும்.